பெயர் எழுதும் ஓட்டுக்கு விதியை முன்பே அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசகர்களுக்காக இணையவழி மாதிரித் தேர்தல் நடத்தப்போவதாகச் சென்ற இதழில் அறிவித்திருந்தீர்கள். மூன்று பேருக்கு 1, 2, 3 என்று விருப்பம் தரலாம், பட்டியலில் இல்லாத ஒருவருக்குப் போட நினைத்தால் அவர் பெயரை நாமே எழுதலாம் என்று படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அதற்கு அடுத்த வரியில் 'விரிவான விதிமுறைகள் பின்னர்' என்றிருந்தது. அந்தப் 'பின்னர்' என்ற சொல்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுத்தான் எங்கள் ஊரில் ஒரு மாதிரித் தேர்தல் கெட்டுப்போனது. ஓட்டு எண்ணியவர்களில் நானும் ஒருத்தி.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். சென்ற கோடை விடுமுறையில் இளைஞர்கள் சிலர் கூடி, மாதிரி ஊராட்சித் தலைவர் தேர்தல் என்று கூகுள் படிவத்தில் ஏற்பாடு செய்தார்கள். மூன்று வேட்பாளர்கள்: பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி, கல்லூரி மாணவர் ஒருவர், ஐ.டி.ஐ. படிக்கும் பையன் ஒருவன். இங்கேயும் 1, 2, 3 என்று விருப்பம் தரலாம். விரும்பினால் வேறு பெயரும் எழுதலாம் என்று ஒரு காலிக் கட்டம். மொத்தம் 120 ஓட்டு விழுந்தது. எல்லாரும் பார்க்க எண்ண வேண்டும் என்பதற்காகப் பதில்களை அச்செடுத்து, சீட்டுகளாக வெட்டி, நூலகத் திண்ணையில் உட்கார்ந்து முறங்களில் பிரித்துப் போட்டோம். சீட்டு பறந்துவிடும் என்று ஃபேனைக்கூட நிறுத்திவிட்டோம்.

முதல் விருப்பத்தில் மாணவிக்கு 46, கல்லூரி மாணவருக்கு 35, ஐ.டி.ஐ. பையனுக்கு 17. மீதி 22 சீட்டிலும் வேறு பெயர். நிஜப் பெயர் வேண்டாம், பொன்னுசாமி என்று வைத்துக்கொள்வோம். 'பொன்னுசாமி' என்று 8 பேர், 'பொன்னுச்சாமி' என்று 6 பேர், 'மேக்கால தோட்டத்துப் பொன்னுசாமி' என்று 5 பேர், 'பொன்ஸ் அண்ணன்' என்று 3 பேர். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதன் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு நாலு பொன்னுசாமி இருப்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னால்தான் ஆள் தெரியும். எங்கள் ஊரிலேயே பால் வண்டி ஓட்டும் பொன்னுசாமி ஒருவரும் இருக்கிறார். "பொன்னுசாமின்னா எந்தப் பொன்னுசாமிங்க?" என்று ஒருவர் கேட்டதும் திண்ணை இரண்டாகப் பிரிந்தது.

யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்தில் உள்ளவருக்குச் சேர்ப்பதுதான் இந்த முறை. முதலில் நான்கு எழுத்தையும் நான்கு ஆளாக வைத்து எண்ணினோம். நான்குமே ஐ.டி.ஐ. பையனின் 17-ஐவிடக் குறைவு என்பதால் முதலில் வெளியேறின. அந்தச் சீட்டுகளின் அடுத்த விருப்பம் பிரிந்து, பிறகு ஐ.டி.ஐ. பையனும் வெளியேறி, மாணவி 62 ஓட்டுடன் ஜெயித்தாள். 120-க்கு 61 போதும். அப்போது மணி ஒன்பது. பிறகு, 'எல்லாம் ஒரே ஆள்தான்' என்று சொன்னவர்களுக்காக 22-ஐயும் ஒரே முறத்தில் கொட்டி மறுபடி எண்ணினோம். இந்தத் தடவை முதலில் வெளியேறியது 17 வாங்கிய பையன். அவன் சீட்டுகளில் 14-இல் இரண்டாவது விருப்பம் அதே பொன்னுசாமி. அவர் 36-க்கு ஏறினார். 35-இல் நின்ற கல்லூரி மாணவர் அடுத்து வெளியேற, அவருடைய சீட்டிலிருந்து 27 பொன்னுசாமிக்கு வந்தது. 63 ஓட்டு வாங்கி அவர் ஜெயித்தார். மாணவி 55.

ஒரே 120 சீட்டு, இரண்டு தலைவர்கள், இருவருக்குமே அறுதிப் பெரும்பான்மை. எது சரி என்று அங்கிருந்தவர்கள் கை தூக்கி முடிவு செய்தார்கள். எந்த விதிக்குக் கை தூக்கினால் யார் ஜெயிப்பார் என்று தெரிந்த பிறகு தூக்கிய கைகள் அவை. சேர்த்து எண்ணுவதே சரி என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் பொன்னுசாமி வந்து, "நான் எங்கங்க நின்னேன்? என்னை எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று சங்கடப்பட்டு மறுத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "டீச்சர், ராத்திரி ஒம்போது மணிக்கு நாந்தானுங்களே ஜெயிச்சிருந்தேன்?" என்றாள். முப்பது வருடம் சமூக அறிவியல் நடத்தியவள் நான். அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

விருப்ப ஓட்டு முறையே குழப்பம் என்று சிலர் அப்போது சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. குடியரசுத் தலைவரை நாம் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். 1969-இல் வி.வி.கிரிக்கு முதல் விருப்பத்தில் கிடைத்த ஓட்டு மதிப்பு 4,01,515. தேவைப்பட்டது 4,18,169. கடைசியில் நின்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அடுத்த விருப்பங்களைச் சேர்த்த பிறகு 4,20,077 வந்து அவர் ஜெயித்தார். எதிர்த்து நின்ற நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. நாடே பரபரப்பாக இருந்த தேர்தல் அது. ஆனால் எப்படி எண்ணுவது என்று எண்ணும் மேசையில் யாரும் கை தூக்க வேண்டி வரவில்லை, விதி முன்பே எழுதப்பட்டிருந்ததால். தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1986-இல் சட்ட மேலவை கலைக்கப்படும் வரை அதில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் என்று தொகுதிகள் இருந்தன. அங்கேயும் விருப்ப ஓட்டுதான். என் அப்பாவும் ஆசிரியர். அந்தச் சீட்டில் எண் போட்டதைப் பெருமையாகச் சொல்வார். தேர்தல் நடத்தை விதிகளில் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்றால், எண்ணை 1, 2 என்றும் போடலாம், ரோமன் எண்ணிலும் போடலாம், இந்திய மொழி எண்ணிலும் போடலாம். 'ஒன்று', 'இரண்டு' என்று சொல்லாக மட்டும் எழுதக் கூடாது. ௧, ௨ என்று தமிழில் போட்டால் செல்லும்.

நம் நாட்டில் இல்லாதது பெயர் எழுதும் ஓட்டுதான். அமெரிக்காவில் இருக்கிறது. 2010-இல் அலாஸ்கா மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்கு நடந்த தேர்தலில் லிசா முர்கவ்ஸ்கி, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலில் தோற்று, சீட்டில் பெயர் இல்லாமலேயே நின்று ஜெயித்தார். எழுதுவதற்குக் கடினமான பெயர் என்பதால், சரியான எழுத்துகளை அச்சிட்ட கைப்பட்டைகளை ஆதரவாளர்களுக்குக் கொடுத்தார்கள். எழுத்துப் பிழையுள்ள சீட்டுகளைச் செல்லாததாக்க வேண்டும் என்று எதிர்வேட்பாளர் நீதிமன்றம் போனார். வாக்காளர் யாரை நினைத்தார் என்பது தெரிந்தால் போதும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே அமெரிக்காவில் பல மாநிலங்கள், பெயர் எழுதப்பட விரும்புகிறவர் முன்கூட்டியே மனுக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஓட்டு எண்ணப்படாது என்று வைத்திருக்கின்றன. இந்த ஒரு விதி எங்களிடம் இருந்திருந்தால் பொன்னுசாமியும் சங்கடப்பட்டிருக்க மாட்டார், அந்தப் பெண்ணும் அழுதிருக்க மாட்டாள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். பெயர் எழுதப்படச் சம்மதிக்கிறவர்கள் ஓட்டுப்பதிவுக்கு முன்பே ஊர், தொழில், அழைக்கும் பெயர் எல்லாம் சேர்த்து உங்களுக்கு எழுதித் தரட்டும். அந்தப் பட்டியலை இதழில் போடுங்கள். அதில் இல்லாத பெயருக்கு விழும் ஓட்டில் அந்த விருப்பத்தை மட்டும் தள்ளிவிட்டு, அடுத்த விருப்பத்தை எண்ணுங்கள். முழுச் சீட்டையும் செல்லாததாக்க வேண்டாம்.

எழுத்துப் பிழையை மன்னியுங்கள். கைபேசியில் தமிழ் அடிக்கும்போது அது தானாக ஒரு சொல்லைப் போட்டுவிடுகிறது, குரலில் சொன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்கிறது. ஆனால் எது யாருடைய பெயர் என்று முடிவு செய்பவர்களுக்கு ஓட்டுக் கணக்குத் தெரியக் கூடாது. இது சீட்டில் கடினம், இணையத்தில் மிகச் சுலபம். எழுதப்பட்ட பெயர்களை மட்டும் தனித் தாளாக எடுத்து, எத்தனை ஓட்டு என்றோ எத்தனையாவது விருப்பம் என்றோ தெரியாத இருவரிடம் கொடுத்து, இது இன்னாருடையது என்று குறித்து வாங்கிவிடுங்கள். எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். நாங்கள் செய்த பெரிய தப்பு இந்த வரிசையை மாற்றியதுதான்.

எல்லாக் கட்டத்திலும் எண் போட்டால்தான் செல்லும் என்று வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் மக்கள் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அப்படித்தான், ஆனால் அங்கே பட்டியல் மூடியது. பெயர் எழுதலாம் என்று திறந்துவிட்ட பிறகு 'எல்லாரும்' என்பதற்கே பொருளில்லை. 1 மட்டும் கட்டாயம், மற்றது அவரவர் விருப்பம். ஒரே ஆளை மூன்று இடத்திலும் எழுதினால் ஓட்டுக்குப் பலம் கூடும் என்று எங்கள் ஊரில் சிலர் நம்பினார்கள். அது ஒரே ஓட்டுதான் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓட்டுப்பதிவு முடியும் வரை யாருக்கு எவ்வளவு என்ற நிலவரத்தையும் காட்ட வேண்டாம்.

விதி முன்பே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஈரோடு மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த பாடம். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை நாடு கேட்கட்டும் என்று வேட்புமனுப் போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சிட வேண்டியிருந்தது. அத்தனை சிரமத்திலும் இருந்த விதிப்படியே அந்தத் தேர்தல் நடந்து முடிந்தது. சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது அதற்குப் பிறகுதான், அடுத்து நிற்க வருகிறவர்களுக்காக.

அந்த 120 சீட்டும் ஓர் உறையில் என்னிடம் இருக்கின்றன. யார் போட்டது என்று எதிலும் இல்லை. உங்கள் விதிகளை எழுதி முடித்ததும், இதழில் அச்சிடுவதற்கு முன், இந்தச் சீட்டுகளை வைத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருவர் தனித்தனியாக எண்ணினாலும் ஒரே விடை வர வேண்டும். எழுதிக் கேட்டால் நகலெடுத்து அடுத்த தபாலிலேயே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.