பாட்டி கேட்ட வித்தை

அன்புள்ள சேகர்,

நாலு மாசமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். அந்தப் பச்சைக் கைக்குட்டையை இன்னும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாயா?

போன வெள்ளிக்கிழமை ஒரு கோயில் திருவிழாவில் ஷோ. கடைசி ஐட்டம், மாஸ்டர் சொல்லிக்கொடுத்த செப்பிடு வித்தை. மூன்று செப்புக் கிண்ணம், மூன்று பந்து, முடிவில் எலுமிச்சம்பழம். நல்ல கைதட்டல். சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது ஒரு பாட்டி, ஆறு வயசுப் பேரனோடு வந்தார். வெற்றிலைமேல் 51 ரூபாய் வைத்து நீட்டினார். "இல்லாத பழத்தை வரவழைச்சீங்களே சாமி, இவன் வாயில ஒரு வார்த்தையை வரவழைங்க."

எனக்குக் கை நடுங்கிவிட்டதுடா.

மேஜிக்காரர் ஹூடினி கதை தெரியுமே உனக்கு. 1922இல் அட்லாண்டிக் சிட்டியில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிய கோனன் டாயிலின் மனைவி, ஹூடினியின் இறந்துபோன அம்மா பேசுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷில்! அந்த அம்மாவுக்கு இங்கிலீஷே சரியாக வராது. தாளின் தலையில் சிலுவை வேறு. ஹூடினியின் அம்மாவோ யூத குருவின் மனைவி. அம்மாவின் ஒரு சொல்லுக்காக உண்மையாகவே ஏங்கிய மனுஷன் ஹூடினி. ஏங்குகிறவர்களிடம் இப்படிச் செய்கிறார்களே என்றுதான், 1926இல் சாகும்வரை ஆவியோடு பேசுவதாகச் சொல்கிறவர்களை விரட்டி விரட்டி அம்பலப்படுத்தினார் என்று நினைக்கிறேன். நம் ஷோவுக்கு வருகிறவன் ஏமாறவேண்டும் என்றே வருகிறான். ஏமாற்றப்போகிறேன் என்று நாமும் சொல்லித்தான் ஆரம்பிக்கிறோம். பாட்டி அப்படி வரவில்லையே.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். செப்புகளை வெளியே எடுத்தேன். பந்து உள்ளே போகவே இல்லை, இதோ இந்த விரல் மடிப்பில் நிற்கிறது என்று காட்டினேன். எல்லோரும் சிரித்த நேரத்தில் பழத்தைப் பையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளியதையும் காட்டினேன். பாட்டியின் முகம் அப்படியே வாடிப்போயிற்று. முதலில் பையனுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டும், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். தலையாட்டினார். போவாரா? இரண்டு நாளாக இதே நினைப்பு.

தொழில் ரகசியத்தை வெளியே விட்டது தப்பா, சொல். மாஸ்டரிடம் நீ முந்திக்கொள்ளாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம், பையன் ஒரு பந்தை எடுத்து விரல் மடிப்பில் ஒளித்து, வெறுங்கை மாதிரி என்னிடம் நீட்டினான். நான் திரும்பக் கேட்கவில்லை. செட்டில் ஒரு சிவப்புப் பந்து குறைகிறது. உன் பழைய செட்டில் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
ராஜு