மரண அறிவித்தலும் ஆய்வுக்குரிய பொருள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்விச் சிறப்பிதழைப் படித்தேன். மருத்துவம், பொறியியல், கணினி, கணக்கியல் எல்லாவற்றுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள், நல்லது, ஆனால் தொடர்பாடல், பண்பாடு என்று மேற்படிப்புக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இதே ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகமும், 2022 வரை ரயர்சன் என்று அழைக்கப்பட்ட ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தத் துறையில் முதுமாணி, கலாநிதிப் படிப்புகளை 1999இல் தொடங்கின. ஊடகங்களைப் பற்றிய ஆய்வில் பெரிய பெயர்களான ஹரல்ட் இனிஸும் மார்ஷல் மக்லூகனும் இருந்து படிப்பித்த நகரம் இது. எங்கள் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். சிலர் அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துப் பார்க்கத் தருவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எதை, ஏன் ஆய்வு செய்யப் போகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்கிற நோக்க அறிக்கைகள் பெரும்பாலும் "சின்ன வயதிலிருந்தே எனக்கு ஊடகத்தில் ஆர்வம்" என்றுதான் தொடங்குகின்றன. ஆர்வம் இல்லாதவர் யார் விண்ணப்பிக்கப் போகிறார்? தேர்வுக் குழு தேடுவது ஒரு கேள்வியை. அந்தக் கேள்வியை ஏன் இந்தப் பிள்ளை கேட்கிறது, எதை வைத்து விடை தேடும், அந்தத் துறையில் எந்தப் பேராசிரியரின் வேலையோடு அது பொருந்தும் என்பதையெல்லாம் சில நூறு சொற்களுக்குள் சொல்லவேண்டும். கேள்விக்கான பொருள் எங்கள் வீடுகளிலேயே கிடக்கிறது, அதை எழுதத்தான் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தையே எடுங்கள். யாழ்ப்பாணத்தில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பிள்ளைகள் இலண்டன், பாரிஸ், சிட்னி என்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதுவரை ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு முழுவதும் பத்துப் பதினைந்து வரிகளில் வந்துவிடுகிறது. ஊரை விட்டு வந்து முப்பது நாற்பது வருடம் ஆனவரையும் அந்த ஊர்க்காரராகவே அது அடையாளம் காட்டுகிறது. அச்சிலிருந்து வானொலிக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் போனபோது அந்த அறிவித்தலில் எது மாறியது, எது மாறவில்லை? இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அதில் எப்படி வருகின்றன? முதுமாணி ஆய்வுக்கு இது தாராளமாகப் போதும். 2009 மே 10ஆம் திகதி இலங்கைப் போரை நிறுத்தக் கேட்டு எங்கள் ஆட்கள் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் இறங்கி மறித்ததையும், 2010 ஓகஸ்டில் இலங்கைத் தமிழ் அகதிகள் 492 பேரோடு சன் சீ கப்பல் கனடாவுக்கு வந்ததையும் கனடிய ஊடகங்கள் எப்படிச் சொன்னன, அதே கிழமைகளில் தமிழ் வானொலிகள் எப்படிச் சொன்னன என்று ஒப்பிடவும் நிறைய இருக்கிறது. இரண்டு மொழியையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதில் இருக்கிற பலம் மற்றவர்களுக்கு இல்லை, அதை அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதவேண்டும்.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். கோவில் தலைவரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலும் கடிதம் வாங்கிக் கொடுக்கிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், அன்பில் செய்கிறார்கள், ஆனால் இந்தப் படிப்புக்கு அது உதவாது. பிள்ளையின் கட்டுரையைத் திருத்திப் புள்ளி போட்ட பேராசிரியர் எழுதவேண்டும். ஆறு கிழமைக்கு முன்பே கேளுங்கள், கேட்கும்போது அவரிடம் எழுதிய பழைய கட்டுரை, அறிக்கையின் வரைவு, கடைசித் திகதி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். மாதிரிக் கட்டுரையாகவும் அதிக புள்ளி வாங்கியதை அப்படியே தூக்கிப் போடாமல், சொந்த வாதம் இருக்கிற ஒன்றை எடுத்து, பேராசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளைப் பார்த்துத் திருத்தி அனுப்பலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் "இதைப் படித்து என்ன கிடைக்கும்" என்ற கேள்விதான் வீட்டில் முதலில் வருகிறது. மத்திய அரசின் முதுமாணிப் புலமைப்பரிசில் வருடத்துக்கு 27,000 டொலர், ஒன்ராறியோ மாகாணத்தினுடையது மூன்று தவணைக்கு 15,000 டொலர். குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலையில் இருப்பவர்களும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது, தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசினதற்கு முடிவுத் திகதி டிசம்பர் 1, அதாவது படிப்புக்கு இடம் கிடைத்ததா என்று தெரிவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். ஆகவே கோடையிலேயே தொடங்கினால்தான் சரிவரும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. தாயகத்துப் பழைய பத்திரிகைகள் பலவற்றை ‘நூலகம்’ என்ற எண்ணிம ஆவணக் காப்பகம் இணையத்தில் 2005 முதல் சேர்த்து வைத்திருப்பதால் அவற்றைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. இங்கே அச்சான எங்கள் வாரப் பத்திரிகைகளைத்தான் தேடிப் பிடிக்க முடியவில்லை. உங்கள் பழைய இதழ்கள் எங்கே இருக்கின்றன, மாணவர்கள் எந்த நாளில் வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாமா என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். செப்டெம்பருக்குள் போட்டால் இந்த வருடம் விண்ணப்பிக்கிறவர்களுக்கே அது உதவும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ