முதலில் குறுக்குவெட்டு

அன்புள்ள மதிக்கு,

நீ அனுப்பிய சிட்னி வீட்டுப் படத்தைப் பார்த்தேன். தெற்குச் சுவரில் நீளச் சன்ஷேடு! அது நம்மூர்க் கைப்பழக்கம். அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்கில்தான்.

ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கிளென் மர்கட்டின் வீடுகளைப் படி என்று சொல்லியிருந்தேன். தளப்படத்தில் தொடங்காதே, வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் குறுக்குவெட்டில் தொடங்கு. சிட்னி ஏறத்தாழ 34 டிகிரி தெற்கு. நடுப்பகல் சூரியன் டிசம்பர் உச்சத்தில் அடிவானத்திலிருந்து 79½ டிகிரி உயரத்தில், ஜூனில் 32½ டிகிரியில். 2.4 மீட்டர் உயர வடக்குக் கண்ணாடியின் மேல்விளிம்பு மட்டத்தில் 450 மி.மீ. இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) விட்டால், டிசம்பரில் கண்ணாடி முழுதும் நிழல். ஜூனில் மேலே 29 செ.மீ. மட்டுமே நிழல், மிச்சமெல்லாம் இளவெயில்.

தவறுவது பிப்ரவரியில். வெக்கை குறைந்திருக்காது, சூரியன் மட்டும் இறங்கிவிடும். மாத நடுவில் நிழல் 1.15 மீட்டர்தான் விழும். இறவாணத்தை 900 மி.மீ. ஆக்கினால் குளிர்கால வெயிலிலும் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் சிட்னிக்குத் தெற்கே பிங்கி என்ற கடலோர ஊரில் 1984இல் முடிந்த மாக்னி வீட்டில் மர்கட் கண்ணாடிக்கு வெளியே, ஏற்றி இறக்கும் அலுமினியப் பட்டைத் திரைகளை வைத்தார். உள்ளே திரை போட்டுப் பயனில்லை, சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டியிருக்கும்.

அவரே ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள யிர்கலாவில் மரிகா-ஆல்டர்டன் வீட்டைக் கட்டியபோது கண்ணாடியே வைக்கவில்லை. தூக்கித் திறக்கும் பலகைகள், எல்லாப் பக்கமும் அகன்ற இறவாணம், கால்கள்மேல் உயர்த்திய தரை, புயலில் உள்ளழுத்தம் வெளியேறக் கூரையில் குழாய்கள். அந்த ஊர் 12 டிகிரி தெற்கு. சென்னை 13 டிகிரி வடக்கு! உனக்கு அந்த வெட்டுப்படம் சட்டென்று புரியும்.

உதவியாளர் வைக்காமல் தனியாக வேலை செய்தே மர்கட் 2002இல் கட்டடக் கலையின் உயரிய பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார் என்பதைப் பார்த்து, இப்போதே தனி அலுவலகம் போட நினைக்காதே. 1961இல் படிப்பு முடித்தவர், பிறரிடம் வருடக்கணக்கில் வேலை பார்த்த பிறகுதான் 1969 வாக்கில் தனியே வந்தார். ரிவர்ஸ்டேல் கல்வி மையம் போன்ற பெரிய வேலைக்கு வெண்டி லெவின், ரெக் லார்க் என்ற இரு கட்டடக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். கட்டடக் கலைஞராகப் பதிவு பெறும் தேர்வுக்கான பணி மணிநேரங்களை வாராவாரம் குறித்து வை. வடிவமைப்பு மணிகளே நிறைந்து, ஒப்பந்தமும் கட்டட மேற்பார்வையும் காலியாகக் கிடந்தால் கடைசியில் இடிக்கும்.

வடக்குப் பக்கக் குறுக்குவெட்டை 1:20 அளவில் கையால் வரைந்து அனுப்பு, கண்ணு. கூரை நெளிதகடு என்றால் சரிவை 5 டிகிரிக்குக் குறைக்காதே. கூரை நடுவில் மழைநீர்க் கால்வாய் வைத்தால், இலை அடைத்து நிரம்பும்போது தண்ணீர் வீட்டுக்குள் விழாமல் வெளியே போகும் வழியையும் அதில் காட்டு.

அன்புடன்,
அம்மா