இம்போர்ட் ஆகாத கல்யாண வீடியோ: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதில் பாதிதான் புரிந்தது, மீதி அழுகை. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன், லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணப்போகிறேன் என்றாயே, அது வேண்டாம். கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் பண்ணாதே. அந்தக் கார்டில் இனி ஒரு போட்டோகூட எடுக்காதே. ஓரத்தில் இருக்கிற சின்ன லாக்கைத் தள்ளிவிட்டு ஒரு கவரில் போட்டு வை. உன் தோழி வீட்டில் காசு கொடுத்தார்களோ இல்லையோ, நம்பிக் கொடுத்த வேலை இது. ஃபுட்டேஜ், அதாவது எடுத்த வீடியோ, அவர்களுடையது, அது பத்திரமாக இருந்தால் மற்ற எதையும் சரி பண்ணிக்கொள்ளலாம்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உன்னிடம் இருப்பது ஒரே கோளாறு இல்லை. கேமரா கிளிப்பெல்லாம் டைம்லைனில் சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை. மாப்பிள்ளையின் மாமா ஐபோனில் எடுத்தது உள்ளே வந்துவிட்டது, ஆனால் போகப் போகச் சத்தம் விலகுகிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வீடியோ காலில் வாழ்த்தியதை ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு பண்ணிய எம்கேவி ஃபைலை உன் நண்பனின் பழைய பிரீமியர் எடிட்டிங் மென்பொருள் வாங்கவே மாட்டேன் என்கிறது. தாலி கட்டிய கிளிப் எங்கேயுமே திறக்கவில்லை. நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே கன்வெர்ட்டரில் போட்டுத் தள்ளியதால்தான் உன் ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருக்கிறது, வேலை நகரவில்லை.

“எல்லாமே எம்பி4 தானேப்பா” என்று கேட்டாய். எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் தூக்குவாளி மாதிரி, மூடியைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற படத்தை எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். 2003இல் வந்த எச்.264ஆக இருக்கலாம், 2013இல் வந்த எச்.265ஆக இருக்கலாம் (எச்இவிசி என்பதும் இதேதான்), எடிட்டிங்குக்கென்றே இருக்கிற ப்ரோரெஸ்ஸாக இருக்கலாம், வெளியே பெயர் ஒன்றுதான். ஃபைல் பெயரின் வாலை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று மாற்றி எழுதினால் உள்ளே ஒன்றும் மாறாது, அதையும் இனிமேல் செய்யாதே. அப்புறம், விஎல்சி பிளேயரில் ஓடுகிறதே என்பதும் சாட்சி ஆகாது. விஎல்சி, சுருக்கியதை விரிக்கிற எல்லா டீகோடரையும் தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது, படத்தை முன்னோக்கி ஓட்டினால் அதன் வேலை முடிந்தது. எடிட்டிங் மென்பொருள் எந்த ஃப்ரேமை, அதாவது எந்த ஒற்றைப் படத்தை, கேட்டாலும் உடனே எடுத்துத் தர வேண்டும். எச்.264, எச்.265 மாதிரி கோடெக்குகளில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப்படமாகவே இருக்காது, பக்கத்து ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்குதான் இருக்கும். போதாததற்கு இவற்றுக்கு உரிமத்தொகை வேறு உண்டு, இலவசப் பதிப்புகளில் சிலதை மூடி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பைப் போட்டால் சாதாரண எச்.264 கூடப் பாடாய்ப் படுத்தும்.

சரி, இப்போது மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியை இறக்கு. இது இல்லாமல் நான் எந்த ஃபைலையும் தொடுவதில்லை. ஒரு கேமரா கிளிப்பை அதில் இழுத்துப் போட்டு, வீடியோ பகுதியில் நாலு வரியை மட்டும் படி: ஃபார்மட் (எந்த கோடெக்), பிட் டெப்த் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது), குரோமா சப்சாம்பிளிங் (நிற விவரத்தை எவ்வளவு வைத்திருக்கிறது), ஃப்ரேம் ரேட் மோட் (ஃப்ரேமெல்லாம் சம இடைவெளியில் வருகிறதா). நீ வாடகைக்கு எடுத்த கேமராவின் மாடலை வைத்துச் சொல்கிறேன், எச்இவிசி, 10 பிட், 4:2:2 என்றுதான் வரும். விண்டோஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு இதை எடுக்காது. சத்தம் பிசிஎம் என்ற சுருக்காத சாதாரண வகை என்பதால் அது மட்டும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நீ என்னமோ ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்தாய், அது முழுசாக நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் வந்து படம் வராவிட்டால் பட கோடெக்கைச் சந்தேகப்படு. படம் வந்து சத்தம் வராவிட்டால் ஆடியோ கோடெக்கை. இரண்டுமே வராமல் எர்ரர் மட்டும் வந்தால்தான் ஃபைல் உடைந்ததா, அரைகுறையாகக் காப்பி ஆனதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, காசு கொடுத்து ரிசால்வ் ஸ்டூடியோ வாங்குவது. அப்போதும் 4:2:2 எச்.265ஐ வழுக்கிக்கொண்டு ஓட்ட ஹார்டுவேர் துணை வேண்டும். இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்து அது இருக்கிறது, என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. உன் லேப்டாப்புக்காக அவ்வளவு செலவு இப்போது வேண்டாம். இரண்டாவது வழி, ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் போட்டு ப்ரோரெஸ் 422ஆக மாற்றுவது. அதே மாதிரி டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற கோடெக்கும் நல்லதுதான், ஆனால் எச்க்யூஎக்ஸ் என்பதைத் தேர்ந்தெடு, வெறும் எச்க்யூ 8 பிட் ஆக்கிவிடும். 8 பிட் எச்.264 போதுமே, ஃபைலும் சின்னதாக இருக்குமே என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பும் ஜரிகை ஓரமும் 4:2:2இல் எவ்வளவு சுத்தமாக நிற்கிறது என்று கலர் பண்ணும்போது நீயே பார்ப்பாய், 4:2:0க்கு இறக்கினால் அந்தச் சிவப்பின் விளிம்பு அரித்த மாதிரி ஆகிவிடும். ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் ஒரு சின்ன நகல், போடலாமே என்றால், ஃபைலையே படிக்க முடியாத மென்பொருள் அதற்கு எப்படி ப்ராக்ஸி போடும்?

இடம்தான் பிரச்சினை. 4கே, 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 வினாடிக்கு 492 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 220 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். அதனால் மொத்தத்தையும் மாற்றாதே. விஎல்சியில் ஓட்டிப் பார்த்து, வேண்டிய கிளிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து மாற்று. ஒரிஜினலை அழிக்கவே கூடாது, ஆல்பமும் வீடியோவும் கைக்குப் போன பிறகும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

ஐபோன் கிளிப்பில் ஃப்ரேம் ரேட் மோட் வேரியபிள் என்று இருக்கும். போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்த மாதிரி ஃப்ரேமைக் கூட்டிக் குறைத்து எடுக்கிறது, எடிட்டிங் மென்பொருளோ ஃப்ரேமெல்லாம் சம இடைவெளியில் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. பேச்சில் இது சீக்கிரம் தெரியாது, தவிலில் தெரிந்துவிடும். கெட்டிமேளத்தில் குச்சி தோலில் விழுவதற்கு முன்பே சத்தம் வந்தால் பார்க்கிற எவருக்கும் உறுத்தும், மேளக்காரர் வீட்டில் பார்த்தால் மனசு நொந்துபோவார்கள். வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள். இன்னொன்று, அந்த மாமா வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பியிருந்தால் அது சுருங்கிப்போனது, டாக்குமென்டாக அனுப்பச் சொல், இல்லை பென்டிரைவில் வாங்கு. பென்டிரைவ் ஃபேட்32ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

எம்கேவிக்குக் கன்வெர்ட்டே வேண்டாம். ஓபிஎஸ்ஸில் ஃபைல் மெனுவுக்குள் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் இருக்கிறது, உள்ளே இருப்பதைத் தொடாமல் எம்பி4க்கு மாற்றித் தந்துவிடும், தரம் துளியும் குறையாது.

இனி தாலி கட்டிய கிளிப். இதைத்தான் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தேன். பேட்டரி தீர்ந்து கேமரா நின்றது என்றாய். எம்பி4 ஃபைலில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு, மூவ் ஆட்டம் என்பார்கள், பெரும்பாலான கேமராக்கள் நீ ஸ்டாப் அழுத்திய பிறகுதான் அதை எழுதி முடிக்கும். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை இல்லை, ஆனால் படம் அனேகமாகக் கார்டிலேயே கிடக்கும். ஃபைலின் அளவைப் பார், பூஜ்யமாக இல்லாமல் ஜிபி கணக்கில் இருந்தால் நம்பலாம். முதலில் கார்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஃபோல்டர் அமைப்பு கலையாமல் அப்படியே இன்னொரு டிஸ்கில் காப்பி பண்ணு. பிரைவேட் ஃபோல்டருக்குள் போய் கிளிப்பை மட்டும் உருவி எடுக்காதே. அது முடிந்ததும், லாக்கை எடுத்துவிட்டு, அதே கேமராவில் முழு சார்ஜ் பேட்டரியோடு கார்டைப் போடு. பல கேமராக்கள் தாங்களாகவே கண்டுபிடித்து ரிப்பேர் பண்ணட்டுமா என்று கேட்கும், சரி சொல். வாடகைக் கடையில் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயானால் இன்றைக்கே போய் ஒரு மணி நேரத்துக்கு வாங்கு, வேறு கம்பெனி கேமராவில் போட்டுவிடாதே.

கேமரா கேட்கவில்லை என்றால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை அதற்குக் காட்டினால், அதன் அமைப்பைப் பார்த்து உடைந்த ஃபைலுக்கு அட்டவணையைத் திரும்பக் கட்டும். அன்றைக்கு அதற்கு முன்னால் எடுத்த மாலை மாற்றும் கிளிப் இதற்குப் பொருத்தம். எல்லா ஃபைலிலும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், பலித்த ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். காப்பியில் மட்டும் செய்து பார், கார்டில் நேராகச் செய்யாதே.

நம் ஸ்டூடியோவில் டேப்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மணி நேர மினிடிவி கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் என்ன எடுத்திருக்கிறோம் என்று கண்ணால் பார்த்துவிடுவோம். இப்போது காப்பி பண்ணிவிட்டுப் பார்க்காமலே கார்டை அழித்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் அளவு ஒன்றா என்று பார், ரிசால்வின் மீடியா பக்கத்தில் இருக்கிற குளோன் டூல் சரிபார்த்தே காப்பி எடுக்கும், அதைப் பழகிக்கொள்.

தோழி வீட்டில் இன்னும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றாயே, அது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிளிப் திறக்கவில்லை, முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் யாராவது போனில் எடுத்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள் என்று இன்றைக்கே சொல்லிவிடு. போனில் இடம் போதவில்லை என்று ஆட்கள் அழித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

அன்ட்ரங்க்கும் கைகொடுக்கவில்லை என்றால் அந்த உடைந்த ஃபைலையும் மாலை மாற்றும் கிளிப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொரியரில் எனக்கு அனுப்பு. கார்டு உன்னிடமே இருக்கட்டும். அம்மா நீ சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள், அவளுக்குத் தனியாகப் போன் பண்ணு.

அன்புடன்
அப்பா