ஞாயிறு பேச்சு: வனுவாட்டு

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, வழக்கமான குழு அழைப்பில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவைப் பற்றிப் பேசுவோம். 2015 மார்ச்சில் ‘பாம்’ (Pam) என்ற புயல் அடித்தபோது அங்கே பல பள்ளிகளின் கூரை பறந்தது. யுனிசெஃப் கூடாரங்கள் கொடுத்து வகுப்புகளை மறுபடி தொடங்க உதவியது. சரி, கூடாரம் மட்டும் போதுமா? அந்நாட்டின் டன்னா தீவில் அப்போது பலரைக் காத்தவை, ஓலை வேய்ந்து தாழ்வாகக் கட்டிய பழைய பாணிக் குடில்கள். அந்தக் கட்டுமான அறிவு பள்ளிப் பாடமாகவே ஆக வேண்டும் என்பது என் ஆசை. அப்புறம், விரலை எடுக்காமல் ஒரே கோடாக இழுக்கும் அவர்களுடைய மணல் ஓவியம் (நம் சிக்குக் கோலம் மாதிரியே!) 2008 முதல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இருக்கிறது. ஆசிரியர்கள் கட்டாயம் வாருங்கள். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.