வைப்பறையைக் காலி செய்யுமுன்: அருங்காட்சியக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். காட்சிக்கு வைக்காத பொருள்களைப் பாதுகாக்கும் வைப்பறையைக் கூட்ட அரங்கமாக மாற்றவிருப்பதாகவும், அதிலுள்ள பொருள்களை இம்மாத இறுதிக்குள் பின்பக்க அறைகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு பயிற்சி மாணவர்களாகிய எங்களுடையது என்றும் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. எண்ணிழந்த பொருள்கள் குவிந்திருக்கும் அந்த அறையின் நிலையும், போதிய விவரமில்லாத பொருள் பதிவேட்டின் நிலையும் தாங்கள் அறிந்தவையே. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: எந்தப் பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது என்ற இருப்பிடப் பட்டியல் முழுமையாகும்வரை ஒரு பெட்டியைக்கூட நகர்த்த வேண்டாம்.

இதைப் பிடிவாதம் என்று தாங்கள் எண்ணக்கூடும். அப்படி எண்ணுமுன், மூன்றாவது அடுக்கின் அடித்தட்டில் இருக்கும் காகித உறையை ஒருமுறை நேரில் வந்து பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம். முந்தைய இடமாற்றத்தின்போது பொருள்களிலிருந்து கழன்று விழுந்த சீட்டுகளை, எறிந்துவிட மனமில்லாத யாரோ ஒருவர் அதில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு சீட்டிலும் சேர்க்கை எண், அதாவது பொருளைப் பதிவேட்டுக் குறிப்போடு இணைக்கும் எண், இருக்கிறது, சிலவற்றில் அறுந்த நூலும் தொங்குகிறது, பொருள்தான் இல்லை. எதிர்ச் சுவரோரத்தில் எண்ணில்லாத பொருள்கள் குவிந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்கப் பதிவேட்டைத் திறந்தால், ‘கத்தி, மரப்பிடி, பழையது’ என்பதற்கு மேல் அங்கே ஒரு சொல் இல்லை. அளவு இல்லை, படம் இல்லை, அந்த விவரத்துக்குப் பொருந்தும் கத்திகளோ பல இருக்கின்றன. ஒரு சீட்டில் படிந்திருந்த துருக்கறை ஒரு பூட்டின் வளையத்தோடு அச்சாகப் பொருந்தியதால், அந்தப் பூட்டுக்கு மட்டும் அதைக் கொடுத்தவரின் பெயரும் அது பூட்டியிருந்த வீட்டின் விவரமும் திரும்பக் கிடைத்தன. மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. யார் கையில் இருந்தது, எந்தத் தொழிலுக்குப் பயன்பட்டது, கொடுத்த குடும்பம் என்ன சொல்லிக் கொடுத்தது என்பவையெல்லாம் அந்த எண் வழியாகத்தான் பொருளோடு சேர்ந்திருக்கின்றன. எங்கள் கைகளால் இன்னோர் உறை நிரம்ப நாங்கள் சம்மதிக்க முடியாது.

எண் இடுவது அவசரத்தில் முடிகிற வேலையன்று. உலோகத்திலும் மரத்திலும் முதலில் பேராலாய்டு பி-72 போன்ற, பின்னர் கரைத்து எடுக்கக்கூடிய பிசின் பூச்சு ஒன்றைத் தடவி, அது உலர்ந்த பிறகே அதன்மேல் எண்ணை எழுத வேண்டும். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்க வேண்டும். காகிதத்துக்கு மென்மையான பென்சில் மட்டுமே. பழைய புகைப்படச் சுருள்கள் இருக்கும் பெட்டிகளை இதுவரை யாரும் வகை பிரிக்கவில்லை. 1950களின் தொடக்கம்வரை தயாரான சுருள்களில் எளிதில் தீப்பற்றும் செல்லுலோஸ் நைட்ரேட் வகையும் உண்டு என்பதால், அவற்றை ஆராயாமல் காற்றோட்டமில்லாத அறையில் அடுக்குவது மனிதர்களுக்கே ஆபத்து. அந்தப் பின்பக்க அறைகளின் சுவர்களோ ஈரம் கசிபவை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் துணியிலும் காகிதத்திலும் பூஞ்சை பிடிக்கும்.

பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை 1986இல் ஏற்று 2004இல் திருத்திய நெறிமுறைத் தொகுப்பு, ஒவ்வொரு பொருளின் ஆவணத்திலும் அதன் தற்போதைய இருப்பிடம் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனங்களால் மட்டுமே இது முடியும் என்பதும் சரியன்று. பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோமும் யுனெஸ்கோவும் சேர்ந்து வைப்பறைகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய ‘ரீ-ஆர்க்’ வழிமுறை, 10,000 பொருள்கள் வரை வைத்திருக்கும் சிறு அருங்காட்சியகங்களை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது.

அரங்கத்தின் நாற்காலிகளுக்கும் விளக்குகளுக்கும் மதிப்பீடு தயாராகிவிட்டது. பொருள்களை அரிக்காமல் சுற்றிவைக்க உதவும் அமிலமற்ற தாள் கேட்டு நாங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. நூற்றாண்டு கடந்த துணிகளைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பருவத்திலும் புதிய பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள், புதிதாக ஒரு பட்டியல் தொடங்குகிறார்கள், பாதியில் பருவம் முடிந்து போய்விடுகிறார்கள். நிலையான பொறுப்பாளர் ஒருவர்கூட இல்லாத சேகரிப்பில், தம் பாட்டியின் பொருளைப் பார்க்க விரும்பி நாளை ஒருவர் வந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது? சம்பளமில்லாத எங்கள் உழைப்பை நாங்கள் மனமுவந்தே தருகிறோம். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் நாங்கள் இல்லாதபோது, இழப்புக்கு மட்டும் எங்கள் கைகள் காரணமாவது நியாயமன்று.

சொற்கள் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். அரங்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இருப்பிடப் பட்டியல் முடியும்வரை இடமாற்றத்தை நிறுத்திவையுங்கள். பயிற்சி பெற்ற ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, அவர் கையொப்பமின்றி எந்தப் பொருளும் அறையை விட்டு வெளியேறாது என்று ஆணையிடுங்கள். சுருள் பெட்டிகளை முதலில் பிரித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பட்டியல் வேலைக்காக விடுமுறை நாள்களிலும் வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். சுற்றறிக்கையில் குறித்த நாளுக்கு முன்பாகத் தங்கள் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேகரிப்புப் பிரிவின் பயிற்சி மாணவர்கள்