நீண்ட வசனத்தை அடித்துவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் குறும்படத்தின் எழுத்துப் பிரதியைப் படித்தேன். நாயகன் சமூகத்தின்மீது கொதித்துப் பேசும் ஒன்றரைப் பக்கத்தை, ‘இந்தக் காலத்தில் நீண்ட வசனத்தை யார் கேட்பார்கள்?’ என்று ஓரத்தில் எழுதி நீயே அடித்துவிட்டிருக்கிறாய். அடித்தது சரிதான், நீ சொல்லும் காரணம்தான் சரியில்லை.

1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை, படத்தை முழுதாகப் பார்த்திராதவர்கள்கூட மேடையேறிப் பேசிக் காட்டுகிறார்கள். மு. கருணாநிதியின் எழுத்தும், முதல் படத்திலேயே அதைப் பேசி நடித்த சிவாஜி கணேசனின் குரலுமே காரணம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது.

குற்றவாளிக் கூண்டில் நிற்கும் படத்தின் நாயகன் குணசேகரன் கோபத்தோடு தொடங்குவதில்லை என்பதைக் கவனி. இந்த வழக்கு விசித்திரமானதல்ல, தானும் புதுமையான மனிதனல்ல என்று நிதானமாக ஆரம்பிக்கிறான். கோயிலில் குழப்பம் விளைவித்ததையும் பூசாரியைத் தாக்கியதையும் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டவனை மடக்க வழியில்லாததால், ஏன் செய்தான் என்பதைக் கேட்டே தீர வேண்டிய நிலைக்குச் சபை வந்துவிடுகிறது. ‘இது உன் சுயநலம்’ என்று பிறர் சொல்லக்கூடியதையும் அவனே முந்திக்கொண்டு எடுத்துச் சொல்லி, அழுக்கை உண்டு தடாகத்தைச் சுத்தப்படுத்தும் மீனைக் காட்டிப் பதில் தருகிறான். தங்கை கல்யாணி ஓடிய ஓட்டத்தை அவன் விவரிக்கும்போது வாக்கியங்கள் குறுகி, அவளோடு சேர்ந்து ஓடத் தொடங்குகின்றன. விதவையாகிக் கைக்குழந்தையோடு இட்லி விற்றுப் பிழைக்கப் பார்த்ததிலிருந்து கோயிலிலும் பாதுகாப்பற்றுப் போனதுவரை அந்த ஓட்டம் முழுவதையும் நாம் ஏற்கெனவே திரையில் கண்டுவிட்டோம். வசனம் புதிதாக எதையும் தெரிவிக்காமல், கண்டதையெல்லாம் குற்றப்பத்திரிகையாகத் திருப்பி வாசிக்கிறது.

அடுக்குமொழி சில இடங்களில் திகட்டுவது உண்மை. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: கல்யாணியும் நீதிமன்றத்தில் நின்று தன் கதையைச் சொல்கிறாள், ஊர் மனப்பாடம் செய்ததோ அண்ணனின் பேச்சை மட்டும்தான்.

உன் நாயகன் மூன்றாம் காட்சியிலேயே வெடிக்கிறான். அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது ஐந்தாம் காட்சியில்தான் தெரிகிறது. யாரிடம் பேசுகிறான் என்பதும் விளங்கவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கடைசிக்கு நகர்த்தி, அவன் சொல்வதைக் கேட்காமல் எழுந்துபோக முடியாத ஒருவரை எதிரே நிறுத்தி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்